லஸ் முனையில் ஒரு மேட்ச், ஓர் உண்ணாவிரதம்

மயிலை வரலாற்றுத் தொடர்

சென்ற வாரம் லஸ் காட்டுக்கோயில் வாசலில் நிறுத்தியிருந்தோம். இந்த வாரத்துக் கதைக்கு அங்கிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. லஸ் சர்ச் ரோட்டில் கொஞ்சம், ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் கொஞ்சம் நடந்தால் போதும்.

சென்னையில் இந்தியர்கள் கிரிக்கெட்டுக்கென்று ஒரு கிளப் கண்ட கதையும், ‘சென்னை யாருக்கு?’ என்று தமிழரும் தெலுங்கரும் மல்லுக்கு நின்ற கதையும் இந்த வட்டாரத்தைச் சுற்றித்தான் ஓடுகின்றன. முதல் கதையை விளையாட்டுப் பக்கத்திலும் இரண்டாவதை அரசியல் பக்கத்திலும் படித்தே நமக்குப் பழக்கம். இரண்டையும் சேர்த்துப் படித்தால், ‘யார் ஊர்க்காரர், யார் வந்தேறி’ என்று இன்றைக்கும் ஓயாத வழக்கின் முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது என்பது பிடிபடும்.

துபாஷி வீட்டுப் பையன்

வெங்கட மகிபதி நாயுடு என்று சொன்னால் பலருக்குத் தெரியாது. புச்சிபாபு என்றால் தெரியும். 1868-ல் பிறந்தவர். பாரி கம்பெனியில் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளர்-தரகராக) இருந்த தாத்தா அவரைத் தத்தெடுத்துக்கொண்டார். லஸ் ஹவுஸ் என்ற பெரிய தோட்டவீட்டில், வெள்ளைக்காரத் தாதிகள் கையில் வளர்ந்தார். அவர்கள்தான் பையனைச் சேப்பாக்கத்துக்குக் கூட்டிப்போய்க் கிரிக்கெட்டைக் காட்டினார்கள்.

சேப்பாக்கம் அன்று மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் மைதானம். 1846-ல் தொடங்கிய அந்த கிளப்பில் ஐரோப்பியர்களுக்கு மட்டுமே இடம். பெவிலியன் அவர்களுக்கு, மரநிழல் இந்தியர்களுக்கு. ஆட அழைக்கப்பட்டு வந்த இந்தியர்களும் மரத்தடியிலேயே உடை மாற்றி, மரத்தடியிலேயே சாப்பிட வேண்டியிருந்தது என்று கிரிக்கெட் வரலாறு எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். கடல் கடந்து வந்தவர்கள் நாற்காலியில். தலைமுறை தலைமுறையாக இங்கே இருந்தவர்கள் தரையில். சென்னை மைதானத்தில் எழுந்த இந்த ‘உள்ளூரா, வெளியூரா’ தகராறில் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

புச்சிபாபு மனுப்போட்டுக் காத்திருக்கவில்லை. 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். அதற்கு மைதானம் எஸ்பிளனேடில் அமைந்தது. பையன்களுக்கு மட்டை, பந்து எல்லாம் தன் செலவில் வாங்கிக் கொடுத்தார். லஸ் ஹவுஸ் தோட்டத்திலேயே ஆடுகளம் போட்டுப் பழக்கினார். பிறகுதான் வெள்ளைக்காரர்களிடம் போய்ச் சரிசமமாக ஒரு பந்தயத்துக்குப் பேசினார். இந்தியர், ஐரோப்பியர் என்று இரு அணிகள் மோதும் ஆட்டத்துக்கு 1908 டிசம்பரில் நாள் குறித்தாயிற்று. அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆட்டத்துக்குச் சற்று முன்பு, நாற்பது வயதில் காலமானார். அவர் பெயரில் 1909-ல் தொடங்கிய போட்டிதான் புச்சிபாபு டோர்னமென்ட்.

அந்த ஆட்டம் வளர்ந்து, 1915-16 பருவத்திலிருந்து முதல்தர அந்தஸ்தோடு பொங்கலையொட்டி நடந்தது. பிரசிடென்சி மேட்ச் என்பது காகிதத்தில் உள்ள பெயர். ஜனங்களுக்கு அது ‘பொங்கல் மேட்ச்’. லஸ் ஹவுஸ் பிள்ளைகளும் அதில் பெயர் வாங்கினார்கள். கடைசிப் பிள்ளை சி. ராமசுவாமி 1922-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்கு ஆடினார். பதினான்கு வருஷம் கழித்து, நாற்பது வயதில், மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடி 40, 60 என்று ரன் சேர்த்தார்.

லஸ்ஸில் பேசி முடித்த ஒப்பந்தம்

மயிலாப்பூர் என்றாலே கபாலீஸ்வரர் கோயில், அறுபத்துமூவர், வக்கீல் வீடுகள் என்றுதான் மனசில் ஓடும். ஆனால் லஸ் சர்ச் ரோட்டில் அன்று தெலுங்கும் தாராளமாகப் புழங்கியது. அமிர்தாஞ்சன் தைலத்தை உருவாக்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ் இங்கேதான் குடியிருந்தார். ‘ஆந்திர பத்திரிகா’ நடத்தியவரும் அவரே. காலையில் நாம் நடைப்பயிற்சி போகும் நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பெயரைத் தாங்கியது. ‘ஸ்ரீபாக்’ என்ற அவருடைய பங்களாவில் 1937 நவம்பர் 16 அன்று கடலோர ஆந்திரத் தலைவர்களும் ராயலசீமைத் தலைவர்களும் கூடி உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஆந்திரம் தனி மாகாணமானால் தலைநகரம், உயர் நீதிமன்றம் இரண்டில் ஒன்றை ராயலசீமை தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் முக்கிய ஷரத்து. மாகாணம் அமைவதற்குப் பதினாறு வருஷம் முன்பே பாகப்பிரிவினைப் பத்திரம் லஸ்ஸில் தயார்.

பங்கு பிரிக்க முடியாத சொத்து ஒன்றே ஒன்று. அது சென்னை. ‘மதராஸ் மனதே’ (மதராஸ் நமதே) என்று ஆந்திரத் தலைவர்கள் முழங்கினார்கள். ‘தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்’ என்று தமிழர் தரப்பில் ம.பொ.சி. பதில் முழக்கமிட்டார். சென்னை மீதான உரிமையை விட்டுக்கொடுத்தால் ஆந்திரம் அமைக்கலாம் என்று நேரு, படேல், பட்டாபி மூவர் குழு 1949-லேயே சொல்லியிருந்தது. விட்டுக்கொடுக்க அந்தப் பக்கம் மனசில்லை.

1952 என்ற வருஷம்

அந்த வருஷம் பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை வீழ்த்தி இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. வினூ மன்கட் 12 விக்கெட் எடுத்தார். 1951-52 பருவத்தோடு பொங்கல் மேட்சும் கடையைக் கட்டியது. வெள்ளைக்காரரே கிளம்பிப் போய்விட்ட பிறகு யாரை எதிர்த்து ஆடுவது? ‘நாமும் அவர்களும்’ என்ற பழைய கோடு மைதானத்தில் அழிந்த அதே வருஷம், ஊருக்குள் புதிதாக ஒரு கோடு விழுந்தது.

அக்டோபர் 19-ம் தேதி, ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் புலுசு சாம்பமூர்த்தியின் வீட்டில், சென்னையையும் சேர்த்து ஆந்திர மாநிலம் கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் உட்கார்ந்தார். சாம்பமூர்த்தி, சென்னைச் சட்டசபையின் முன்னாள் சபாநாயகர். நாள்கள் ஓடின, வாரங்கள் ஓடின, டெல்லி அசையவில்லை. டிசம்பர் 15 இரவு ஸ்ரீராமுலுவின் உயிர் பிரிந்தது. ஆந்திர மாவட்டங்கள் கொந்தளித்தன. நான்கே நாளில், டிசம்பர் 19 அன்று, ஆந்திர மாநிலம் அமையும் என்று நேரு அறிவித்தார். அந்த வீடு இன்று நினைவிடம். பஸ்ஸில் தினமும் அதைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயர்ப்பலகையைப் படித்திருப்பார்கள்?

ஸ்ரீராமுலு 1901-ல் பிறந்தது சென்னை ஜார்ஜ் டவுனில். ம.பொ.சி. 1906-ல் பிறந்தது ஆயிரம் விளக்குப் பகுதியில். ஊர் எங்களுக்கு என்று உயிரைப் பணயம் வைத்தவரும், தலையைக் கொடுப்பேன் என்றவரும் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். வந்தேறி என்று யாரும் யாரையும் கைநீட்ட வழியில்லாத சண்டை அது. ஊரில் யார் குடியிருக்கலாம் என்பது அங்கே வழக்கே இல்லை. கோட்டையில் யார் கொடி, ஆபீசில் யார் உத்தியோகம், வரிப்பணம் யார் கஜானாவுக்கு என்பதுதான் வழக்கு.

சமரசமாக ஒரு யோசனையும் அப்போது பேசப்பட்டது: கூவத்தை எல்லையாக வைத்து ஊரை இரண்டாக வெட்டி, வடக்கை ஆந்திரத்துக்குக் கொடுப்பது. அது நிறைவேறியிருந்தால் புச்சிபாபுவின் லஸ் ஹவுஸ் தமிழ்ப் பக்கத்திலும், அவர் தொடங்கிய கிளப்பின் எஸ்பிளனேடு மைதானம் ஆந்திரப் பக்கத்திலும் போயிருக்கும். நல்லவேளை, அது பேச்சோடு போயிற்று. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் உதயமானது. ஸ்ரீபாக் ஒப்பந்தப்படி ராயலசீமையின் கர்னூல் தலைநகரானது. சென்னை தமிழர் பக்கம் நின்றது. லஸ்ஸில் குடியிருந்த தெலுங்குக் குடும்பங்கள் மூட்டை கட்டவில்லை. நாகேஸ்வர ராவ் பூங்காவின் பெயரையும் யாரும் மாற்றவில்லை.

கோடு போட்ட பிறகு ஆடியவர்கள்

மாநிலம் பிரிந்ததும் ரஞ்சி அணியும் பிரிந்தது. 1953-54 பருவத்தில் ஆந்திரம் முதல்முறையாகக் களமிறங்கியது. மொழியின் பெயரால் உயிரைக் கொடுத்து வாங்கிய மாநிலத்தின் முதல் அணிக்குத் தலைவர் சி.கே. நாயுடு. தெலுங்குக் குடும்பம்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது நாக்பூரில், பல வருஷம் ஆடியது இந்தூரின் ஹோல்கர் அணிக்கு. அப்போது அவருக்கு வயது 58.

இந்தப் பக்கம் என்ன நடந்தது? அடுத்த ஆண்டே, 1954-55-ல், மெட்ராஸ் அணி முதல் தடவையாக ரஞ்சிக் கோப்பையைத் தூக்கியது. பாலு அழகண்ணன் தலைமை. இந்தூரில் நடந்த இறுதியாட்டத்தில் ஹோல்கரை 46 ரன்னில் வென்றார்கள். அதில் 75, 91 என்று அடித்து ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தியவர் ஏ.ஜி. கிருபால் சிங். டர்பன் கட்டிய சென்னைப் பையன். அவர் குடும்பத்தின் பூர்வீகம் அமிர்தசரஸ். அப்பா ஏ.ஜி. ராம்சிங்கை மறக்க முடியுமா? 1934 நவம்பர் 4-ல் சேப்பாக்கத்தில் நடந்த முதல் ரஞ்சி ஆட்டத்தில் 35 ரன் மட்டும் கொடுத்து 11 விக்கெட் எடுத்து, மைசூரை ஒரே நாளில் மூட்டை கட்டி அனுப்பியவர். டெஸ்ட் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கடைசிவரை வரவில்லை. மகன்கள் கிருபாலும் மில்காவும் ஆடினார்கள். கிருபால் 1955-ல் நியூசிலாந்துக்கு எதிராக ஹைதராபாத்தில் ஆடிய முதல் டெஸ்டிலேயே சதம் போட்டார்.

தமிழருக்கே சென்னை என்று தீர்ப்பான மறுவருஷம், சென்னைக்குக் கோப்பை வாங்கித் தந்ததில் பெரும்பங்கு ஒரு சீக்கியருக்கு. இது யாருக்கும் உறுத்தவில்லை. ‘நம்ம கிருபால்’ என்றுதான் ஊர் கொண்டாடியது.

இன்றைய லஸ்

இப்போது லஸ்ஸைக் கடப்பவர்கள் மெட்ரோ தடுப்புத் தகரங்களுக்கு நடுவே சந்து பிடித்துத்தான் போகிறார்கள். மூன்றாம், நான்காம் வழித்தடங்கள் சந்திக்கும் திருமயிலை நிலையத்துக்குப் பூமியைக் குடைகிறார்கள். இந்த மாதிரி வேலைத்தளங்களில் காதில் விழுவது பெரும்பாலும் இந்தி, ஒடியா, வங்காளி. பூங்கா பெஞ்சில் ஒரு பக்கம், வாடகையும் வேலையும் வெளிமாநிலத் தொழிலாளர்களால் போச்சு என்று புலம்பல். இன்னொரு பக்கம், அவர்கள் இல்லாவிட்டால் கலவை போடவும் ஆளில்லை என்று பதில். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவி, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்துப் போனது நினைவிருக்கும்.

புலம்புகிறவர்கள் எல்லோரையும் வெறுப்பாளர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. கூலி குறைவதும் வீட்டு வாடகை ஏறுவதும் நிஜமான கவலைகள். ஆனால் இந்தச் சாலைகளின் கணக்கைப் புரட்டினால் ஒரு பாரபட்சம் தெரிகிறது. துபாஷி குடும்பம் சொத்தோடு இருந்தது; அதை ஊரின் பெருமை என்றோம். நாகேஸ்வர ராவ் தொழிலோடு வந்தார். பூங்காவுக்குப் பெயர் வைத்தோம். கிருபால் மட்டையோடு நின்றார், தோளில் தூக்கினோம். கொல்லுக் கரண்டியோடு வருகிறவனிடம் மட்டும் ‘எந்த ஊர்?’ என்று கேட்கிறோம். 1952-ல் வாதாடிய இரு தரப்புக்கும் கட்சி இருந்தது, பத்திரிகை இருந்தது, உண்ணாவிரதம் உட்கார ஒரு வீடும் இருந்தது. இவனைப் பற்றிய வாதத்தில் இவன் தரப்பைப் பேச ஆளில்லை.

புச்சிபாபு கேட்டது பெரிய சலுகை ஒன்றுமில்லை. ஆட வருகிறவனுக்கு உடை மாற்ற ஓர் அறை, உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம். அதே இரண்டையும் லஸ்ஸில் குழி தோண்டுகிறவனுக்கும் கேட்டுப் பார்க்கலாம். வாடகை வழக்கையும் கூலி வழக்கையும் அதன் பிறகும் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம்: இரண்டு விளையாட்டில் நாட்டுக்கு ஆடி, முதுமையில் ஒருநாள் வீட்டைவிட்டுக் கிளம்பித் திரும்பியே வராத சி. ராமசுவாமி.

(தொடரும்)