ஈறு கறுப்பாக இருக்கிறதா? லேசருக்கு முன் தெரிந்துகொள்ளுங்கள்

நிக்காஹ் தேதி குறித்ததும், "சிரித்தால் ஈறு கறுப்பாகத் தெரிகிறதே, லேசரில் எடுத்துவிடலாமா?" என்று கேட்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. எடுக்கலாம். ஆனால் அந்தக் கறுப்பு எதனால் வந்தது என்பதை முதலில் அறிய வேண்டும்.

இது நோயா?

பெரும்பாலும் இல்லை. தோலுக்கு நிறம் தரும் மெலனின்தான் ஈறுக்கும் நிறம் தருகிறது. இயற்கையான கறுப்பு சிறுவயது முதலே இரு பக்கமும் ஒரே சீராக இருக்கும்; வலிக்காது, இரத்தம் கசியாது. பல் ஒழுங்காகத் துலக்காததால் வந்ததும் அல்ல. அழுத்தித் தேய்த்தால் ஈறு புண்ணாகுமே தவிர நிறம் மாறாது.

எப்போது கவனம் தேவை?

* புகைப்பழக்கத்தால் முன்பல் ஈறு கறுக்கும். பழக்கத்தை விட்டால் நாளடைவில் குறையலாம்.
* மூட்டுவாதத்துக்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், முகப்பருவுக்குத் தரும் மினோசைக்ளின் மாத்திரைகளாலும் வரலாம்.
* ஈறுடன் தோலும் கறுத்து, சோர்வும் எடைக்குறைவும் இருந்தால் அட்ரினல் சுரப்பிக் கோளாறா என்று பார்க்க வேண்டும்.
* ஒரே இடத்தில் புதிதாகத் தோன்றி வளரும் கறுப்பைத் தாமதிக்காமல் காட்டுங்கள். அரிதாகப் புற்றுநோயாகவும் இருக்கலாம். பரிசோதிக்காமல் லேசரில் அகற்றினால் நோய் மறைந்துபோகும் ஆபத்து உண்டு.

தஞ்சைப் பகுதியில் வெற்றிலை சீவல் போடும் பெரியவர்கள் அதிகம். பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்துள்ளது. வாயில் வெள்ளைத் திட்டு இருந்தாலோ, வாய் திறப்பது குறைந்தாலோ அதற்குத்தான் முதல் சிகிச்சை.

லேசர் சிகிச்சை எப்படி?

ஈறை மரத்துப்போகச் செய்து, மெலனின் உள்ள மேலடுக்கை டயோடு அல்லது எர்பியம் லேசரால் நீக்குவார்கள். டயோடு லேசரில் இரத்தக் கசிவு மிகக் குறைவு. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பெரும்பாலும் ஒன்றிரண்டு அமர்வுகளில் முடியும். ஓரிரு வாரங்களில் புதுத்தோல் மூடும். கத்தியால் சீவி எடுக்கும் பழைய முறையும் நல்ல பலன் தரக்கூடியதே.

சில நாட்களுக்குக் காரம், சூடு கூடாது. மாத்திரையும் வேளைக்கு எடுக்க வேண்டும். எனவே நோன்பு நாட்களைத் தவிர்ப்பது நல்லது. திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். ஈறு வீக்கம், கட்டுப்படாத சர்க்கரை இருந்தால் முதலில் அவற்றைச் சரிசெய்ய வேண்டும். கர்ப்பிணிகள் தள்ளிப்போடலாம்.

திரும்ப வருமா?

வரலாம். பக்கத்திலுள்ள நிறமிச் செல்கள் புதுத்தோலுக்குள் பரவுவதே காரணம். சிலருக்குச் சில மாதங்களில், சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து வரும். புகைப்பவர்களுக்கு விரைவில் வரும். "நிரந்தரத் தீர்வு" என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

அழகு நிலையங்களில் செய்துகொள்ளாதீர்கள். ஈறு சிகிச்சையில் எம்.டி.எஸ். முடித்த மருத்துவரிடம் செல்லுங்கள். டெல்டா மக்களுக்குச் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அங்கும் ஆலோசனை கேட்கலாம்.

சிகிச்சை வேண்டுமா என்பதை அந்தப் பெண்ணோ பையனோதான் முடிவு செய்ய வேண்டும். ஆரோக்கியமான ஈறு கறுப்பாக இருப்பது குறையல்ல; அதைச் சொல்லி யாரையும் வற்புறுத்த வேண்டாம்.