அமினோ அமிலங்களின் அமில, கார இயல்பு

அமினோ அமிலம் ஒவ்வொன்றிலும் புரோட்டானை இழக்கும் கார்பாக்சில் தொகுதியும் புரோட்டானை ஏற்கும் அமினோ தொகுதியும் சேர்ந்தே உள்ளன. எனவே இது அமிலத்துடன் காரமாகவும் காரத்துடன் அமிலமாகவும் வினைபுரியும் ஈரியல்புச் சேர்மம். கார்பாக்சில் தொகுதியின் புரோட்டான் அமினோ தொகுதிக்கு மாறிவிடுவதால், ஒரே மூலக்கூறில் எதிர்மின்சுமையும் நேர்மின்சுமையும் அமைகின்றன. இதுவே சுவிட்டர் அயனி. பாடநூல்களில் வழக்கமாக வரையப்படும் மின்சுமையற்ற வடிவம் கரைசலில் மிக அரிது. கிளைசீன் 230 பாகை செல்சியசைத் தாண்டிய பிறகே சிதையத் தொடங்குவதற்கும், நீரில் எளிதில் கரைந்து ஈதரில் கரையாமல் நிற்பதற்கும் உப்பை ஒத்த இந்த அமைப்பே காரணம்.

செறிந்த அமில ஊடகத்தில் கிளைசீன் நேரயனியாக இருக்கும். சிறிது சிறிதாகக் காரம் சேர்த்தால் முதலில் கார்பாக்சில் தொகுதி புரோட்டானை இழக்கிறது, பிஎச் 2.34இல் மூலக்கூறுகளில் பாதி அவ்வாறு மாறியிருக்கும். 9.6இல் அமினோ தொகுதிகளில் பாதி புரோட்டானை இழந்து எதிரயனியாகின்றன. இவ்விரண்டின் சராசரியான 5.97 கிளைசீனின் சமமின்புள்ளி. அங்கே நிகர மின்சுமை சுழி. மின்புலத்தில் மூலக்கூறு எந்த முனையை நோக்கியும் நகராது, மற்ற பிஎச் அளவுகளைவிடக் கரைதிறனும் குறைவு.

பக்கச்சங்கிலியிலும் அமிலத் தொகுதியோ காரத் தொகுதியோ இருந்தால் இப்புள்ளி வெகுவாக விலகும்: அசுபார்டிக் அமிலத்துக்கு 2.77, லைசினுக்கு 9.74. இவற்றுள் தனித்துக் கவனிக்க வேண்டியது இசுடிடின். அதன் பக்கச்சங்கிலி பிஎச் 6ஐ ஒட்டிப் புரோட்டானை ஏற்றும் இழந்தும் மாறுவதால், உடலின் நடுநிலைச் சூழலிலேயே அது இரு வேலைகளையும் செய்யும். நொதிகள் பலவற்றின் வினைமையத்தில் அது இடம்பெறுவது இதனால்தான்.

புரதங்களுக்கும் சமமின்புள்ளி உண்டு. பாலின் பிஎச் ஏறத்தாழ 6.6, அதிலுள்ள கேசீன் துகள்கள் எதிர்மின்சுமையால் ஒன்றையொன்று விலக்கி மிதக்கின்றன. உறை ஊற்றியபின் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் லாக்டிக் அமிலம் பிஎச் அளவை 4.6க்கு இறக்கும்போது அந்த விலக்கம் மறைந்து, கேசீன் திரண்டு தயிராகிறது.

ஒரே ஒரு அமினோ அமிலத்தின் மின்சுமை நோயாகவும் வெளிப்படலாம். அரிவாள் செல் நோயாளியின் ஈமோகுளோபின் மின்புலத்தில் வேறு விதமாக நகர்வதை லைனசு பாலிங்கும் உடனுழைத்தவர்களும் 1949இல் காட்டினர். பீட்டா சங்கிலியின் ஆறாம் இடத்தில், எதிர்மின்சுமை கொண்ட குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக மின்சுமையற்ற வேலின் இருப்பதே காரணம் என்பதைப் பின்னர் வெர்னான் இங்கிராம் கண்டறிந்தார். இந்த நோயை உறுதிசெய்ய மின்புலத்தில் நிகழும் இந்த நகர்வை ஒப்பிடும் மின்முனைக் கவர்ச்சிச் சோதனை ஆய்வகங்களில் இன்றும் பயன்படுகிறது.