பிணை நின்றவர்கள்: நன்னடத்தை விடுவிப்பின் முற்கால வரலாறு

குற்றம் செய்தவர் என்று நீதிமன்றம் கண்ட ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல், குறிப்பிட்ட காலம் ஒழுங்காக நடந்துகொள்வதாக எழுதி வாங்கிக்கொண்டு, ஓர் அலுவலரின் கண்காணிப்பில் ஊருக்குள்ளேயே வாழவிடும் ஏற்பாடு நன்னடத்தை விடுவிப்பு எனப்படுகிறது. அரசு ஊதியம் பெறும் நன்னடத்தை அலுவலர்களைக் கொண்டு நடப்பதால் இதை அரசே வகுத்த திட்டமாகக் கருதுவோர் உண்டு. உண்மையில் இது நீதிமன்றத்துக்கு வெளியிலிருந்து வந்தது. சட்டப் படிப்போ பதவியோ இல்லாத ஒருவர், தமக்கு உறவோ பழக்கமோ இல்லாத மனிதனுக்காகப் பிணை நிற்க முன்வந்ததே இதன் தொடக்கமாக அமைந்தது.

பிணை என்பது பழைய சங்கதிதான். அமைதியைக் குலைக்கக்கூடும் என்று ஐயுறப்பட்டவரிடம் நன்னடத்தைக்கு ஈடாகப் பிணை வாங்கும் அதிகாரத்தை இங்கிலாந்தில் 1361ஆம் ஆண்டுச் சட்டமே நீதிபதிகளுக்கு வழங்கியிருந்தது. அந்த மரபு கடல் கடந்து அமெரிக்காவுக்கும் சென்றது. பாஸ்டன் நகரில் நீதிபதி பீட்டர் ஆக்சன்பிரிட்ஜ் தாச்சர் 1830இல், குற்றத்தை ஒப்புக்கொண்ட ஜெருஷா சேஸ் என்ற பெண்ணுக்கு உடனே தண்டனை விதிக்காமல், அழைக்கும்போது வர வேண்டும் என்ற பிணையின்பேரில் வெளியே விட்டார். ஆகவே தண்டனையை ஒத்திவைக்கும் வழி நீதிபதிகளின் கையில் ஏற்கெனவே இருந்தது. இல்லாதிருந்தது, வெளியே போனவர் எங்கே தங்குகிறார், என்ன வேலை செய்கிறார், மறுபடி குடிக்கிறாரா என்று கவனித்து, அதை நீதிமன்றத்தில் வந்து சொல்லப் பொறுப்பேற்கும் ஆள்.

அந்த இடத்தை நிரப்பிய ஜான் அகஸ்டஸ், பாஸ்டன் காவல் நீதிமன்றத்துக்கு அருகே கடை வைத்து பூட்ஸ் தைத்து வந்தவர். குடிப்பழக்கத்தை அறவே விடுவதாக உறுதிமொழி எடுத்தவர்களின் சங்கம் ஒன்றில் அவர் உறுப்பினராக இருந்தார். 1841ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், குடிகாரன் என்று குற்றம் சாட்டப்பட்டுக் கந்தல் உடையுடன் கூண்டில் நின்ற ஒருவனுக்கு அவர் பிணை நின்றார். அக்காலத்தில் இக்குற்றத்துக்குச் சீர்திருத்தச் சிறையில் அடைப்பதே வழக்கமான தண்டனை. நீதிபதி மூன்று வாரம் வாய்தா கொடுத்தார். அவன் குடியை விடுவதாக உறுதிமொழியில் கையொப்பமிட்டான். வாய்தா நாளில் அவனை நீதிமன்றத்தில் யாராலும் அடையாளம் காண இயலாத அளவுக்குத் தோற்றம் மாறியிருந்தது. அபராதம் ஒரு சென்ட், வழக்குச் செலவும் சேர்த்து மொத்தம் 3 டாலர் 76 சென்ட் என்று தீர்ப்பாயிற்று. தொகையை அவன் அங்கேயே கட்டினான்.

அந்த மூன்று வாரங்களே இங்கு கவனிக்கத்தக்கவை. குற்றம் இன்னது என்று முடிவாவதற்கும் தண்டனை இவ்வளவு என்று அறிவிக்கப்படுவதற்கும் இடையே இருந்த வெற்றுக் காலத்தை, ஒருவன் தன்னை மெய்ப்பித்துக் காட்டுவதற்கான காலமாக அகஸ்டஸ் மாற்றினார். 1843 முதல் அவர் குழந்தைகளுக்கும் பிணை நிற்கத் தொடங்கினார். 1847இல் ஏழு வயது முதல் பதினைந்து வயது வரையிலான 19 சிறுவர்களை அவர் பிணையில் எடுத்தபோது, அவர்களின் வழக்குகள் மாதந்தோறும் ஒத்திவைக்கப்பட்டன. ஒவ்வொரு மாதமும் வழக்குப் பட்டியல் வாசிக்கப்படும் நேரத்தில் அவர் நீதிமன்றத்துக்கு வந்து சிறுவர்களைப் பற்றிய அறிக்கையைக் கொடுத்துச் சென்றார். ஐந்தாறு மாதங்களுக்குப் பின் பன்னிரண்டு பேர் ஒருசேர நிறுத்தப்பட்டபோது, சட்டத்தின் நோக்கம் நிறைவேறிவிட்டது என்று கருதிய நீதிபதி ஆளுக்குப் பத்து சென்ட் அபராதத்துடன் முடித்துக்கொண்டார். அதையும் கட்ட வழியில்லாத ஏழு பேருக்கு அகஸ்டஸே கட்டினார்.

அவரைக் கண்மூடித்தனமான கருணையாளர் என்று சொல்லிவிட முடியாது. பிணை நிற்பதற்கு முன் அவரவரது முன்னைய நடத்தை, வயது, இனி யாருடன் வாழப்போகிறார் என்பவற்றை விசாரித்து, திருந்தும் வாய்ப்பு உண்டு என்று தமக்குப் பட்டவர்களையே தேர்ந்தெடுத்தார். பள்ளிக்கோ வேலைக்கோ அனுப்பினார். எல்லாவற்றையும் பதிவேட்டில் குறித்தார். பிற்காலத்தில் நன்னடத்தை அலுவலரின் கடமைகள் என்று சட்டங்கள் வரிசைப்படுத்திய விசாரணை, மேற்பார்வை, அறிக்கை ஆகிய மூன்றும் அவரிடம் முன்பே இருந்தன. 1858 வரை அவர் பிணை நின்றவர்களின் எண்ணிக்கை 1,946. எதிர்ப்பும் இருந்தது, சிறைக்கு அனுப்பப்படும் ஒவ்வொருவருக்கும் படி பெற்றுவந்த காவலர்களுக்கும் நீதிமன்ற எழுத்தர்களுக்கும் அவரது பிணை ஒவ்வொன்றும் வருமான இழப்பாக இருந்தது. தொழிலைக் கவனிக்காமல் விட்டதால் கைப்பொருள் கரைந்து, நண்பர்களின் நன்கொடையை நம்பிக் காலம் தள்ளிய அவர் 1859இல் இறந்தார்.

மாசசூசெட்ஸ் மாநிலம் இதைச் சட்டமாக்கியது 1878இல். பாஸ்டன் மேயர் ஊதியத்துக்கு ஒரு நன்னடத்தை அலுவலரை நியமிக்க அச்சட்டம் வழிசெய்தது. முதலில் நியமிக்கப்பட்ட எட்வர்டு சாவேஜ் நகரக் காவல்துறையின் முன்னாள் தலைவர். செருப்புத் தொழிலாளி இருந்த இடத்தில் காவல் அதிகாரி வந்து அமர்ந்ததைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம். உதவிக்கும் கண்காணிப்புக்கும் இடையே இப்பணியில் இன்றுவரை நீடிக்கும் இழுபறி அந்த முதல் நியமனத்திலேயே தெரிகிறது.

இங்கிலாந்தில் பாதை சற்று வேறுபட்டது. பர்மிங்காம் நகர நீதிபதி மேத்யூ டேவன்போர்ட் ஹில், அதே 1841ஆம் ஆண்டு முதல், பொறுப்பேற்கத் தக்கவர் கிடைத்தால் இளங்குற்றவாளிகளை அவரிடம் ஒப்படைத்துவந்தார். ஆனால் அமைப்பாக வளர்ந்தது, 1876இல் பிரெடெரிக் ரெய்னர் என்ற அச்சுத் தொழிலாளர், காவல் நீதிமன்றங்களில் ஒருமுறை சிக்கிய குடிகாரருக்கு மீட்சியே இல்லையா என்று வருந்தி, இங்கிலாந்துத் திருச்சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்கு ஐந்து ஷில்லிங் அனுப்பியதிலிருந்து. சங்கம் லண்டன் நீதிமன்றங்களுக்குத் தொண்டர்களை அனுப்பியது. 1907ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அந்தத் தொண்டர்கள் பலரே அலுவலர்களாயினர். அறிவுரை கூறுவதும் உதவுவதும் நட்புப் பாராட்டுவதும் அலுவலரின் கடமை என்று அச்சட்டம் விதித்தது. நட்பைக் கடமையாக விதிக்கும் சட்டங்கள் அரிது.

இந்தியாவுக்கு இது முதலில் பாதியளவே வந்தது. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 562ஆம் பிரிவு, முதன்முறை குற்றம் செய்தவரை நன்னடத்தைப் பிணையில் விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்தது. ஆனால் வெளியே போனவரைக் கவனிக்க யாரையும் ஏற்படுத்தவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க மாகாணங்களில் முதல் முயற்சி சென்னையில் நடந்தது. சிறார்களுக்கென 1920இலேயே தனிச் சட்டம் இயற்றியிருந்த சென்னை மாகாணம், 1936இல் நன்னடத்தைச் சட்டத்தையும் கொண்டுவந்தது. பம்பாயும் ஐக்கிய மாகாணமும் 1938இல் தொடர்ந்தன. நாடு முழுமைக்குமான சட்டம் 1958இல்தான் வந்தது.

இந்த 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரு விதிகளில் பழைய பிணையாளியின் சாயலைக் காணலாம். விடுவிக்கப்படுபவருக்கோ, அவருக்குப் பிணையாளி இருந்தால் அந்தப் பிணையாளிக்கோ, நீதிமன்ற எல்லைக்குள்ளோ விடுவிக்கப்படுபவர் வாழவிருக்கும் இடத்திலோ நிலையான வசிப்பிடமோ ஒழுங்கான தொழிலோ இருக்க வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. வீடும் வேலையும் அற்றவருக்கு, இரண்டில் ஒன்றேனும் உடைய இன்னொருவர் முன்வந்தால் மட்டுமே இவ்வழி திறக்கும். நன்னடத்தை அலுவலர் அரசு ஊழியராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, அரசு ஏற்பளித்த சங்கம் அனுப்பும் ஒருவராகவும் இருக்கலாம் என்கிறது 13ஆம் பிரிவு. நடைமுறையில் தமிழ்நாட்டில் இப்பணி சிறை மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையின் கீழுள்ள அரசு அலுவலர்களிடமே இருந்துவருகிறது.