‘வம்பயர்’ கதை பிறந்த வரலாறு

குருதி உறிஞ்சும் பிணம் என்னும் கருத்து கிழக்கு ஐரோப்பிய உழவர்களிடையே நெடுங்காலம் வழங்கியதொன்று. அப்பிணத்திற்குப் பிரபுப் பட்டம் சூட்டி, நாகரிக உடை அணிவித்து, இலண்டன் மாநகரின் விருந்து மண்டபத்துள் முதன்முதல் அழைத்து வந்தவர் இருபது வயதினரான ஒரு வைத்தியர். யோன் வில்லியம் பொலிடோறி என்பது அவர் பெயர். அவர் எழுதிய கதை சில ஆண்டுகளுள் ஐரோப்பா எங்கும் பரவிற்று. அவர் பெயரோ பரவவில்லை. அக்கதை வேறொருவர் பெயரால் வெளிவந்தமையே இதற்குக் காரணம்.

கதையின் மூலப் பொருள் சேர்பியாவிலிருந்து வந்தது. 1718ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அந்நாட்டின் வடபாகம் துருக்கியர் கையினின்றும் நீங்கி ஒஸ்திரியப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டது. புதிதாகச் சென்ற அதிகாரிகள் கண்டும் கேட்டும் வியந்த வழக்கங்களுள் ஒன்று, புதைத்த பிணத்தைத் தோண்டியெடுத்துக் கழுமரம் பாய்ச்சி எரித்தல். 1725இல் கிசில்யெவோ என்னும் சிற்றூரில் இறந்த ஒருவன் இரவில் வந்து தம் கழுத்தை நெரித்தான் எனக் கூறிச் சிலர் இறந்தனர். ஊரவர் அவன் புதைகுழியைத் திறந்தனர். அவ்விடத்து அதிகாரி எழுதிய அறிக்கை வியன்னாப் பத்திரிகையில் அச்சாயிற்று. 1732இல் மெத்வெஜா என்னும் ஊரிலே படை வைத்தியர்கள் நடத்திய விசாரணை இதனினும் பெரியது. அழியாத உடல், வாயிற் குருதி, புதிதாக முளைத்தாற் போன்ற நகம் என அவர்கள் குறித்தவை யாவும் மண்ணுட் கிடக்கும் உடல் சிதையுங்கால் இயல்பாகத் தோன்றக்கூடியவை என்பதை இக்கால மருத்துவம் விளக்கும். அக்காலத்திலோ அவ்வறிக்கை சான்றோரையும் மருட்டிற்று. அவ்வாண்டே அஃது இலண்டன் பத்திரிகைகளில் வெளிவர, ‘வம்பயர்’ என்ற சொல் ஆங்கிலத்தில் ஊன்றியது. இறுதியில், அரசி மரியா திரேசா தம் வைத்தியர் வான் சுவீற்றனின் ஆய்வை ஏற்று, 1755இல் இவ்வாறு பிணந்தோண்டுதலைத் தடைசெய்தார்.

தமிழிலே சிலர் வம்பயரை வேதாளம் என மொழிபெயர்ப்பர். அது பொருந்தாது. விக்கிரமாதித்தன் தோளிற் சுமந்த வேதாளம் பிறர் பிணத்துட் புகுந்து உறைவது, புதிர்க்கதை சொல்வது. வம்பயரோ தன் உடலோடு தானே எழுந்து வருவது. 1870இல் றிச்சட் பேட்டன் வேதாளக் கதைகளை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது நூற்பெயரில் ‘வம்பயர்’ என்ற சொல்லையே அமைத்தமை இம்மயக்கத்தை வளர்த்திருக்கலாம்.

பொலிடோறி 1795இல் இலண்டனிற் பிறந்தவர், தந்தையார் இத்தாலியர். எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் உறக்க நடை பற்றி ஆய்வுரை எழுதிப் பத்தொன்பதாம் வயதில் வைத்தியப் பட்டம் பெற்றார். 1816 ஏப்பிரலிலே, குடும்பப் பூசலாலும் ஊரார் பழியாலும் இங்கிலாந்தை விட்டு நீங்கிய பைரன் பிரபு, இவரைத் தம் வைத்தியராக உடனழைத்துச் சென்றார். பயணத்தைப் பற்றி நாட்குறிப்பு எழுதித் தந்தால் 500 பவுண் தருவதாகப் பைரனின் நூல்களை வெளியிட்ட மரே இவருக்கு வாக்களித்தார் என்பர். இலக்கியப் புகழில் ஆசைகொண்ட இளைஞருக்கு இதனினும் நல்வாய்ப்பு இல்லை. இதனினும் கொடிய இடமும் இல்லை. ஐரோப்பாவே வியந்து நோக்கிய கவிஞரின் பக்கத்தில் நின்று கவிபாட முயன்றவர் ஏளனமே பெற்றார்.

அவ்வாண்டுக் கோடை கோடையாக இருக்கவில்லை. 1815 ஏப்பிரலில் இந்தோனேசியாவின் சும்பாவாத் தீவிலுள்ள தம்போறா எரிமலை கக்கிய சாம்பலும் புகையும் வானிற் பரந்து ஞாயிற்றின் வெம்மையைக் குறைத்தன. ஐரோப்பாவிலே விளைவு குன்றிற்று, மழை ஓயவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் டியோடாற்றி மாளிகையிற் பைரனும் பொலிடோறியும், அயல் வீட்டிலிருந்து வந்த ஷெல்லியும், பின்னர் மேரி ஷெல்லி எனப் பெயர் பெற்ற மேரி கொட்வினும், அவர் சிற்றன்னையின் மகள் கிளெயரும் அடைபட்டிருந்தனர். ஜெர்மானியப் பேய்க்கதைகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பொன்றைப் படித்துப் பொழுது போக்கினர். ஒவ்வொருவரும் ஒரு பேய்க்கதை எழுதுக என்றார் பைரன். பதினெட்டு வயது மேரி தொடங்கிய கதை 1818இல் ‘பிராங்கென்ஸ்ரைன்’ என வெளிவந்தது. அதன் வரலாறு யாவரும் அறிந்தது.

பைரன் சில பக்கங்கள் எழுதி நிறுத்திவிட்டார். கீழ்த்திசைப் பயணத்தில் ஒருவன் நோயுற்று, தன் மரணத்தை ஒருவருக்கும் கூறலாகாது எனத் தோழனிடம் உறுதி பெற்று, எபேசுக்கு அண்மையிலுள்ள ஓர் இடுகாட்டில் இறக்கின்றான். அவ்வளவே. குருதி உறிஞ்சுதல் அதில் இல்லை. அதன் எஞ்சிய போக்கைப் பைரன் வாய்மொழியாகக் கூறியிருந்தார். ஜெனீவாவில் ஒரு சீமாட்டி, இதனைக் கொண்டு ஒரு கதை அமைத்தல் இயலுமோ என வினாவ, பொலிடோறி சில காலைப் பொழுதுகளில் ‘வம்பயரை’ எழுதி அவரிடமே கொடுத்துவிட்டார்.

கரு பைரனுடையது, ஆயின் உயிர் பொலிடோறியுடையது என்பதே பொருந்தும். றூத்வென் பிரபு என்பவன் வெளிறிய முகமும் இரக்கமற்ற பார்வையும் உடையவன், விருந்துகளில் யாவரும் விரும்பி அழைப்பவன், நெருங்கியவரை அழிப்பவன். றூத்வென் என்ற பெயர், பைரனால் கைவிடப்பட்ட கரொலைன் லாம் சீமாட்டி 1816இல் அவரை இகழ்ந்து எழுதிய நாவலினின்றும் எடுக்கப்பட்டது. ஆகவே கதையின் பேய் யாரைச் சுட்டுவது என்பதில் ஐயமில்லை. சேர்பிய உழவனின் பிணம் தன் உறவினரையே நாடி வருவது. அதற்குப் பணமுமில்லை, நயமான பேச்சுமில்லை. செல்வனாயும் கவர்ச்சியுடையவனாயும் ஊரூராய்ச் செல்பவனாயும் அதனை மாற்றியது இவ்விளைஞரே. நாயகனாகிய ஓப்ரே என்பான் தான் செய்த சத்தியத்தினால் வாய் கட்டுண்டு, தன் தங்கை அப்பேய்க்கு மணமாவதைத் தடுக்க மாட்டாது மாள்கின்றான். கதையின் அச்சம் குருதியிலன்று, இம்மௌனத்திலேயே உள்ளது.

1816 செப்தெம்பரிற் பைரன் இவரை வேலையினின்றும் நீக்கினார். இவர் இத்தாலியில் அலைந்து, இங்கிலாந்து திரும்பி, நொறிச்சில் வைத்தியத் தொழில் நடத்தினார். கையெழுத்துப் படியோ ஜெனீவாவிலிருந்து கொல்பேண் என்னும் வெளியீட்டாளர் கைக்குச் சென்றது. 1819 ஏப்பிரல் முதலாந் திகதி அவருடைய சஞ்சிகையில், பைரன் பிரபு எழுதிய கதை என்ற தலைப்போடு அது வெளிவந்தது. மெத்வெஜாச் செய்தியும் முன்னுரையிற் சேர்க்கப்பட்டது. 1813இல் வெளிவந்த பைரனின் ‘ஜவூர்’ என்னும் காவியத்தில் வம்பயர் பற்றிய சாபமொன்று இருந்தமையால் வாசகர் ஐயுறவில்லை. பொலிடோறி உடனே மறுத்தெழுதினார். கரு பைரனுடையது, ஆக்கம் தம்முடையது என்று நேர்மையாகவே கூறினார். வெனிசிலிருந்த பைரனும் மறுத்து, தம் குறைக்கதையை அவ்வாண்டே அச்சிட்டுக் காட்டினார். நூலின் பிற்பதிப்புக்களிற் பைரன் பெயர் நீக்கப்பட்டது. ஆனால் பொலிடோறியின் பெயர் அவ்விடத்தில் வைக்கப்படவில்லை. அவர் பெற்ற ஊதியம் 30 பவுண் மட்டுமே என்பர்.

பைரன் பெயர் இன்றேல் இக்கதை இத்துணை விரைவாகப் பரவியிராது என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். கோதே இதனைப் பைரன் படைப்புக்களுட் சிறந்ததெனப் போற்றினார் என்ற செய்தியும் உண்டு. 1820இல் பாரிசில் நோதியே இதனை நாடகமாக்கினார். அதே ஆண்டில் இலண்டனில் பிளான்ஷே அமைத்த நாடகம் ஸ்கொட்லாந்தில் நிகழ்வதாயிற்று. அரங்கத்தாரிடம் ஸ்கொட்லாந்து உடைகள் நிறைய இருந்தமையே காரணமாம்! பேய் திடீரென மறைதற்கென மேடையில் அமைத்த இரகசியக் கதவு, ‘வம்பயர் பொறி’ என நாடகத் தொழிலாளர் வழக்கில் நிலைத்துவிட்டது. 1828இல் மார்ஷ்னர் இசைநாடகம் இயற்றினார். 1897இல் பிறாம் ஸ்ரோக்கர் எழுதிய டிறாக்குலாப் பிரபு இவ்வழியில் வந்தவனே.

பொலிடோறி இவற்றுட் பெரும்பாலானவற்றைக் காணவில்லை. சூதாட்டக் கடனும் மனச்சோர்வும் வருத்த, 1821 ஓகஸ்ட் 24ஆந் திகதி தந்தையார் இல்லத்தில் இறந்து கிடந்தார், வயது இருபத்தைந்து. அவர் நஞ்சருந்தினார் என்பதே பலர் கருத்து. மரண விசாரணையில் இயற்கை மரணம் என்றே தீர்ப்பளித்தனர். கவிஞர் கிறிஸ்ரினா றொசெற்றி முதலிய றொசெற்றிக் குடும்பத்தார் இவருடைய சகோதரி பிரான்சிஸின் மக்கள். அவர்களுள் வில்லியம் மைக்கேல் என்பார் தம் மாமனாரின் நாட்குறிப்பை 1911இல் பதிப்பித்தார். அதற்கு முன்பே பொலிடோறியின் மற்றொரு சகோதரி சார்லொற் அதனைப் படியெடுத்து, தமக்குத் தகாதனவாகத் தோன்றிய பகுதிகளை விடுத்து, மூல ஏட்டை அழித்துவிட்டார். 1816 யூன் 17ஆந் திகதிக் குறிப்பு எஞ்சியுள்ளது. தம்மையொழிந்த யாவரும் பேய்க்கதை எழுதத் தொடங்கிவிட்டனர் என்று அதில் அவர் எழுதியிருக்கிறார்.