எட்டே எட்டு மாற்றங்கள்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், சோப்புத் தூளில் நொதி இருக்கிறது என்கிறார்களே, வெந்நீர் ஊற்றினால் அது செத்துவிடாதா? நீங்கள் அப்படித்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்?"

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். நொதி என்பது புரதம். அமினோ அமிலங்கள் கோத்த ஒரு மாலை, குறிப்பிட்ட விதமாக மடிந்து நிற்கிறது. அந்த மடிப்பில்தான் அதன் வேலை இருக்கிறது. முட்டையை அவித்தால் வெள்ளைக்கரு கெட்டியாகிறதே, மறுபடி இளகுமா? நொதிக்கும் அதே கதி. கொதிக்கிற நீர் ஊற்றினால் சோப்புத் தூளின் நொதி இன்றைக்கும் கெட்டுத்தான் போகும். கை பொறுக்கும் சூடே போதும்.

ஆனால் தொழிற்சாலைக்காரருக்கு அது போதாது. மாவுச்சத்தைச் சர்க்கரைப் பாகாக்கும் ஆலையில் நொதி 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் வேலை செய்தாக வேண்டும். துணி துவைக்க நொதியைச் சேர்க்கலாம் என்று ஜெர்மனியின் ஓட்டோ ரோம் 1913-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். சூட்டைத் தாங்கும்படி நொதியையே மாற்றி அமைக்க முடியுமா என்ற கேள்வி 1980-களில்தான் சூடு பிடித்தது.

முதலில் அறிவாளிகள் வரைபடம் போட்டுப் பார்த்தார்கள். மாலையின் இரண்டு இடங்களைக் கந்தகப் பாலத்தால் கட்டிவிட்டால் மடிப்பு குலையாது என்பது கணக்கு. லைசோசைம் என்ற நொதியில் 1984-ல் அது பலித்தது. சோப்புத் தூளில் போடும் சப்டிலிசினிலோ, பாலம் கட்டியும் எதிர்பார்த்த உறுதி வரவில்லை. எந்த இடத்தை மாற்றினால் எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் அளவுக்குப் புரதத்தை நாம் அறிந்திருக்கவில்லை.

அமெரிக்காவில் கால்டெக் நிறுவனத்தின் பிரான்சிஸ் ஆர்னால்ட் வேறு வழியில் போனார். நம் விவசாயி நல்ல கதிரைப் பார்த்து விதைக்கு எடுத்து வைக்கிறாரே, அதே வழிதான். நொதியின் மரபணுவை வேண்டுமென்றே பிழைகளோடு நகலெடுக்க வேண்டும். அந்த நகல்களைப் பாக்டீரியாக்களில் ஏற்றி, ஆயிரக்கணக்கான வகை நொதிகளை உண்டாக்க வேண்டும். எல்லாவற்றையும் சூடாக்கி, எது பிழைத்து வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். பிழைத்ததை மறுபடி நகலெடுக்க வேண்டும். இதெல்லாம் அறிவியலே இல்லை என்று சிலர் முகம் சுளித்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு வேடிக்கை உண்டு. அப்படி நகலெடுக்கப் பயன்படுவதும் சூட்டுக்கு அஞ்சாத ஒரு நொதியே. அதைக் கொடுத்த பாக்டீரியாவை 1966-ல் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றிலிருந்து எடுத்து வந்தவர் தாமஸ் பிராக். கூடவே உழைத்தவர் ஹட்சன் ஃப்ரீஸ், அப்போது பட்டப் படிப்பு மாணவர்!

1999-ல் ஆர்னால்டும் அவருடைய மாணவர் ஹுய்மின் ஜாவோவும் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். ஐந்தே தலைமுறைத் தேர்வில் சப்டிலிசின் 'இ' உருமாறிவிட்டது. 65 டிகிரி சூட்டில் அது பழையதைவிட 200 மடங்குக்கும் அதிக நேரம் தாக்குப் பிடித்தது. மாறியவை 275 அமினோ அமிலங்களில் எட்டே எட்டு. சூடான எருக்குவியலில் வாழும் நுண்ணுயிரிடம் தெர்மிட்டேஸ் என்ற உறவுக்கார நொதி இருக்கிறது. அதுவும் சப்டிலிசினும் 157 இடங்களில் வேறுபடுகின்றன. அந்த உறுதியை எட்டு மாற்றங்களில் எட்டிவிட்டார்கள்.

உறுதி கூடினால் சுறுசுறுப்பு குறையும் என்றே பலரும் நம்பியிருந்தார்கள். இந்த நொதியோ 10 முதல் 90 டிகிரி வரை எல்லாச் சூட்டிலும் பழையதைவிட வேகமாக வேலை செய்தது. இரண்டும் ஒன்றாக இருக்கலாம்; இயற்கைக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். 37 டிகிரியில் வாழும் பாக்டீரியாவுக்கு 65 டிகிரியைத் தாங்கி என்ன ஆகப்போகிறது?

2018-ல் வேதியியல் நோபல் பரிசில் பாதி ஆர்னால்டுக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற ஐந்தாவது பெண் அவர். கல்லூரியில் அவர் படித்தது என்ன தெரியுமா? இயந்திரப் பொறியியல்.