சாவி ஒருவர் கையில்

பண்டாரவளைப் பக்கத்துப் பாடசாலைக் கணினிக் கூடமொன்றை எண்ணிப் பாருங்கள். பாடங்கள் யாவும் ஒரு கணினியின் பொதுக் கோப்புறையில் உள்ளன. மாணவி ஒருத்தி தன் லினக்ஸ் கணினியில் அதனை இணைக்க முற்படுகிறாள். திரையோ நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கிறது. அதனை அறிந்த ஆசிரியர் அன்று விடுமுறை. வீட்டிற் கணினி இல்லாத தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த ஒரு பாடவேளையும் வீணாகிறது. கடவுச்சொல்லை வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிட்டாலோ, கூடத்தின் பாதுகாப்பே போய்விடும். இந்த இக்கட்டு எவ்வாறு பிறந்தது?

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தாம்ப்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் இயங்குதளத்தை ஆக்கத் தொடங்கினர். ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொண்ட காலம் அது. வேறொரு வட்டிலுள்ள கோப்புகளைக் கணினியின் கோப்பு வரிசையோடு பொருத்துவதை 'மவுண்ட்' என்றனர். அவ்வுரிமை நிர்வாகிக்கே உரியதாயிற்று. அதற்குத் தக்க காரணமும் உண்டு. யாரோ கொணர்ந்த வட்டில், நிர்வாகியின் அதிகாரத்தோடு இயங்கும் நிரலொன்று ஒளிந்திருப்பின், கணினி முழுவதும் அவர் வசமாகிவிடும்.

ஆயினும் அதிகாரத்தை அளந்து கொடுக்கும் வழியும் அங்கேயே தோன்றிற்று. இயக்குபவர் எவராயினும், ஒரு நிரல் தன் உடைமையாளரின் அதிகாரத்துடன் தொழிற்படலாம் என்னும் உபாயத்தை ரிச்சி வகுத்தார். 1979இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1984இல் சன் நிறுவனம் வேறொரு கணினியின் கோப்புறையை வலையமைப்பு வழியே இணைக்கும் முறையை உருவாக்கியபோது, இவ்வுபாயத்தின் தேவை பெருகிற்று.

பின்னர் வந்த லினக்ஸில் இது எளிதாயிற்று. இன்ன கோப்புறையை, இன்ன இடத்தில், சாதாரணப் பயனரும் இணைக்கலாம் என்று எஃப்எஸ்டேப் என்னும் பட்டியலில் நிர்வாகி ஒருமுறை ஒரு வரி எழுதிவைத்தாற் போதும். கோப்புறைக்குரிய தன் சொந்தக் கடவுச்சொல் மாணவிக்கு வேண்டியிருக்கலாம், நிர்வாகியினது வேண்டியதில்லை. பழைய அச்சத்துக்கும் அங்கே விடையுண்டு: வேறு கட்டளை எழுதப்படாதவிடத்து, அவ்வாறு இணைந்த கோப்புறையிலுள்ள நிரல்கள் இயங்கமாட்டா. 2005இல் லினக்ஸுடன் சேர்ந்த ஃபியூஸ் என்னும் முறை இன்னும் ஒரு படி சென்றது. அதன் வழியே பயனர் இணைத்ததை, அவர் இடங்கொடாதவிடத்து, நிர்வாகியும் நேரே திறக்க இயலாது.

ஆகவே, பாதுகாப்பின் பொருட்டுப் பாடம் நிற்கவேண்டுவதில்லை. பாடத்தின் பொருட்டுக் கடவுச்சொல்லைப் பகிரவும் வேண்டுவதில்லை. தவணை தொடங்குமுன் அந்த ஒரு வரியை எழுதிவைக்கும் ஆசிரியர், தாம் வாராத நாளிலும் வகுப்பை நடத்துகிறார்.