கண்ணாடியில் ஒட்டாத புள்ளி

வெம்பிளி ஈலிங் ரோட்டில் இடியப்பம் வாங்கப் போகும் நாம், கடைக் கண்ணாடியில் அந்தப் பச்சை-கறுப்பு அட்டையைத் தேடுவதில்லை. 0 முதல் 5 வரையான சுகாதாரப் புள்ளி அது. வேல்ஸில் 2013 முதலும் வட அயர்லாந்தில் 2016 முதலும் அதை ஒட்டுவது சட்டக் கடமை. இங்கிலாந்தில் கடைக்காரரின் விருப்பம். 1 எடுத்தவர் ஏன் ஒட்டப்போகிறார்?

பைத்தியமாட்டு நோய் விவகாரத்தில் மக்களின் நம்பிக்கை சிதைந்தபின், 2000 ஏப்ரலில் உருவானது உணவுத் தர முகவரகம். ஆனால் சமையலறைக்குள் வந்து பார்ப்பவர் பிரென்ட் நகரசபையின் பரிசோதகர்; நம்மூர் பீ.எச்.ஐ. போல. நாடெங்கும் சபைகளில் இப்பணியிடங்கள் குறைந்துவருவதை முகவரகமே ஆண்டறிக்கைகளில் எச்சரித்திருக்கிறது.

புள்ளி சுத்தத்துக்கு மட்டுமல்ல, பதிவேடுகளுக்கும்தான். சமையலறையைப் பளிச்சென்று வைத்திருந்தும், குளிர்பெட்டி வெப்பநிலையை எழுதிவைக்காமல் புள்ளி இழப்பவர்கள் உண்டு.

மிளகாய்த்தூள் வேறு கதை. 2005இல் சூடான்-1 சாயம் கலந்த தூள் ஒரு சோஸுக்குள் போய், அதன்வழி நூற்றுக்கணக்கான உணவுகளில் கலந்தது. அத்தனையும் கடைகளிலிருந்து மீளப்பெறப்பட்டன. பிரெக்ஸிட்டுக்குப் பின், ஐரோப்பிய எச்சரிக்கை வலையமைப்பில் பிரித்தானியாவுக்கு முழு அனுமதி இல்லை. 2024இல் சிங்கப்பூரும் ஹொங்கொங்கும் எத்திலீன் ஒக்சைட் பற்றி எச்சரித்த பிறகே, இந்திய மசாலாக்களுக்கு இங்கே கூடுதல் கட்டுப்பாடு வந்தது.

அட்டை இல்லாத கடையின் புள்ளியை, முகவரகத்தின் இணையத்தளத்தில் கடைப்பெயரைத் தட்டிப் பார்க்கலாம்.